அம்மன் எங்களைப் பிரித்து வைத்தாள்

மாரியம்மனைக் கும்பிடுகிற எல்லாருக்கும் வணக்கம். பிரிந்துபோன புருஷனை அம்மா திரும்பக் கொண்டுவந்தாள் என்று இந்தக் கோயிலில் எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் சொல்லப்போவது வேறு. எங்களை அம்மாதான் பிரித்து வைத்தாள். கேட்கப் பிடிக்காதவர்கள் எழுந்து போகலாம்.

நான் ஹாலிஎல பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். கட்டியவருக்குக் கொழும்பில் கடை வேலை. தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் வருவார், மற்ற நாளெல்லாம் போன்தான். நான் வேலை முடிந்து லயத்து வீட்டுக்கு வந்ததும் வீடியோவைப் போட்டு அறையைச் சுற்றிக் காட்டச் சொல்வார். கட்டிலுக்கு அடியிலும் காட்ட வேண்டும். ஒருநாள் எங்கள் பிள்ளையே போனை வாங்கி, "இந்தாங்கப்பா, கட்டிலுக்கு அடியில யாரும் இல்ல" என்று காட்டினாள். அன்றைக்கு எனக்கு மனசு விட்டுப்போனது. இனி இந்த வாழ்க்கை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அவருக்கு அவமானம் பொறுக்கவில்லை. பிள்ளையை ஸ்கூலுக்கு ஏற்றிப்போகும் வேன்காரரோடு என்னைச் சேர்த்துப் பேசினார். அதையே காரணம் காட்டிப் பதுளையில் வழக்குப் போட்டு, பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வேன் என்றார். நான் ஒடிந்துபோனேன். சோறு இறங்கவில்லை. மலையில் நின்றாலும் பிள்ளை ஞாபகம்தான்.

கோயில் தலைவர் கூப்பிட்டனுப்பினார். வேன்காரரோடு தொடர்பில்லை என்று அம்மன் முன்னால் சூடம் அடித்துச் சத்தியம் செய்துவிட்டுப் புருஷனோடு சேர்ந்து வாழச் சொன்னார்.

"அம்மாவுக்குத் தெரியாததையா நான் சொல்லப்போறேன்? அடிக்க மாட்டேங்க" என்றேன்.

திமிர் பிடித்தவள் என்று பேர் வந்தது. வரட்டும். அந்த வெள்ளிக்கிழமை விளக்கு வைத்து அழுதேன். அம்மா, இவரைத் திருப்பித் தராதே, எங்களைப் பிரித்துவிடு, ஆனால் பிள்ளை என்னிடம் இருக்கட்டும், அவள் காதில் அசிங்கம் விழ வேண்டாம் என்று கேட்டேன்.

மறுவாரம் வேறு வேலையாகக் கிராம சேவகரிடம் போனேன். என் முகத்தைப் பார்த்து விசாரித்தவர், மத்தியஸ்த சபையைப் பற்றிச் சொன்னார். விவாகரத்தை நீதிமன்றம்தான் தரும், ஆனால் பிள்ளை யாரிடம் இருப்பது என்பதை முதலில் அங்கே பேசி முடிக்கலாமாம். அங்கே எழுதிக் கொடுத்தேன். பிள்ளையின் அப்பா வரமாட்டார் என்றே நினைத்தேன். கொழும்பிலிருந்து வந்தார். அதை அம்மா செய்யாமல் யார் செய்தது?

ஞாயிற்றுக்கிழமை, ஒரு பள்ளிக்கூட வகுப்பறை. மத்தியஸ்தம் பேச உட்கார்ந்திருந்தவர்களில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர். பிள்ளையின் அப்பா பேசும்போது நான் குறுக்கே பேசக்கூடாது, நான் பேசும்போது அவர் பேசக்கூடாது. வேன் கதையை அங்கேயும் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். டீச்சர் அவரைத் திட்டவில்லை. எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று மட்டும் கேட்டார்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "பிள்ளை வயசுக்கு வந்தா நான் எங்க நிப்பேன் டீச்சர்? அப்பன் இல்லாத பிள்ளைன்னு சொல்லி இவங்க ஆளுங்களே சடங்கு செஞ்சு முடிச்சிருவாங்க."

இத்தனை சண்டைக்கும் அடியில் இருந்தது இதுதான். எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

"நீங்கதான் அப்பா. சபையில நீங்கதான் முன்னால நிப்பீங்க. உங்க தங்கச்சிதான் முதல் தண்ணி ஊத்தணும்" என்றேன். "ஆனா அந்த வேன் பேச்சை இங்கயே, இவங்க முன்னால திருப்பி வாங்கணும்."

டீச்சர் பக்கம் திரும்பி, "அது பொய்தான்" என்றார். சூடம் அடிக்காமலே உண்மை வெளியே வந்தது.

பிள்ளை என்னோடு இருக்கிறாள். லீவுக்கு அப்பாவிடம் போகிறாள். நீதிமன்றத்துக்கு நாங்கள் பேசி முடித்ததைத்தான் கொண்டுபோனோம், சண்டையை அல்ல. விவாகரத்தும் கிடைத்தது.

இந்தத் திருவிழாவில் நான் பால்குடம் எடுத்தேன். புருஷனை விட்டவள் எடுக்கலாமா என்று முணுமுணுத்தார்கள். பொட்டை இன்னும் பெரிதாக வைத்துக்கொண்டுதான் எடுத்தேன். பிள்ளையின் அப்பா கூட்டத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

என்னைப் போல் தவிப்பவர்கள் இங்கே இருந்தால் பயப்படாதீர்கள். ஊர் சொல்லிக்கொடுத்ததை அம்மாவிடம் கேட்காதீர்கள். உங்களுக்கு வேண்டியதைக் கேளுங்கள். நான் கேட்டதைத்தான் அவள் எனக்குக் கொடுத்தாள்.