மனுஷ வாடை

என் அக்காவுக்குக் காட்டுப்பூனை வளர்க்கிற வேலை என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். வளர்க்கலாம், கொஞ்சக் கூடாது. அதுதான் அங்கே சட்டம். அழிந்துகொண்டிருக்கும் அந்த இனத்தைக் கூண்டில் பெருக்கிக் காட்டில் கொண்டுபோய் விடுகிற மையம் அது. மனிதனைக் கண்டு பயப்படாத பூனை ஊர்ப்பக்கம் வந்து அடிபட்டே சாகும். அதனால் கூண்டுக்குள் போனால் முகமூடி, மேலங்கி. ஒரு வார்த்தை பேசக் கூடாது. குட்டி ஆசையாகக் கிட்டே வந்தால், இறைச்சி கொண்டுபோகிற தகரத் தட்டைப் படாரென்று தட்டி விரட்ட வேண்டும். அக்காவுக்குப் பல வருடமாக இதுதான் பிழைப்பு.

பகலெல்லாம் வாயைக் கட்டிப் பழகியதில் வீட்டிலும் அவளுக்குப் பேச்சு குறைந்துவிட்டது. வந்து நாற்காலியில் விழுந்தால் விழுந்தபடி கிடப்பாள். "உங்க அக்கா என்னையும் காட்டுல விடத்தான் தயார் பண்றா போல. பேசவே மாட்டேங்கறா" என்பார் மாமா. அவருக்கு எல்லாமே கிண்டல்தான்.

இந்த முறை ஒரு தாய்ப்பூனை மூன்று குட்டி போட்டது. அக்கா தும்மினாலே மூன்றும் ஓடி ஒளியுமாம். "மழை முடிஞ்சதும் காட்டுக்குப் போயிடும்டி" என்று சொல்லும்போது மட்டும் அந்தச் சோர்ந்த முகத்தில் களை வரும்.

விடுவதற்கு முன் ரத்தம் எடுத்துச் சோதிப்பார்கள். வீட்டுப் பூனைகள் காட்டுக்குள் போய்க் கலந்து கலந்து, கலப்பில்லாத காட்டுப்பூனையே அரிதாகிவிட்டது. கலப்பு அதிகமானதை விட்டால், மிச்சமிருக்கும் இனமும் கரைந்துபோகும். தாய்க்கு முன்பு செய்த சோதனை மரபணுவில் சில இடங்களைத்தான் பார்த்தது. அதில் தாய் தேறிவிட்டது. இப்போது வந்திருக்கும் சோதனை முழுவதையும் படிக்கிறது. தாய்க்கும் குட்டிகளுக்கும் வீட்டுப் பூனைக் கலப்பு வரம்பைத் தாண்டிவிட்டது.

"ரத்தம் மாறிப் போயிருக்கும் டாக்டர், இன்னொரு தடவை பாருங்க" என்று அக்கா கெஞ்சியிருக்கிறாள். பார்த்தார்கள். அதே முடிவுதான். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. எந்தக் காலத்திலோ எந்தப் பூனையோ எதனோடோ ஓடிப்போனதற்கு இந்தக் குட்டிகள் என்ன செய்யும்?

"அவங்க சொல்றதும் நியாயந்தான்டி" என்றாள் அக்கா. அவளுக்குச் சண்டை போடக்கூடத் தெம்பில்லை.

குட்டிகளுக்குக் கருத்தடை செய்தார்கள். மனிதரோடு பழகினால் யார் வீட்டுக்காவது கொடுக்கலாம். பழகாவிட்டால் தாயைப் போல ஆயுசுக்கும் கூண்டுதான். பழக்கும் பொறுப்பும் அக்கா தலையிலேயே விழுந்தது. "முகமூடி வேண்டாம், நல்லாப் பேசுங்க. வெளியாளையும் கூட்டிட்டு வாங்க, மனுஷ வாடை பழகட்டும்" என்றாராம் டாக்டரம்மா. அப்படித்தான் நானும் ஒரு நாள் போனேன்.

கூண்டு ஒரு பெரிய அறை அளவுக்கு இருந்தது. மரக்கட்டைக்குப் பின்னாலிருந்து ஆறு கண்கள் பார்த்தன. அக்கா தரையில் உட்கார்ந்து, தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு துண்டு இறைச்சியை நீட்டினாள். "வாடா... ஒண்ணும் பண்ண மாட்டேன், வா." வாரக்கணக்காக இதே வேலையாம். எனக்குக் கால் மரத்துப்போனது.

மூன்றில் சின்னது வெளியே வந்தது. அதை நாங்கள் வீட்டில் பொடியன் என்போம். வயிறு தரையில் உரச ஊர்ந்து வந்தான், நின்றான், மறுபடி வந்தான். நான் மூச்சுகூட விடவில்லை. அவன் மூக்கு அக்காவின் விரலைத் தொட்டது.

படார்!

அக்காவின் இன்னொரு கை தகரத் தட்டில் இருந்தது. பொடியன் சுவரில் மோதி விழுந்து, எழுந்து, கட்டைக்குப் பின்னால் பாய்ந்தான்.

"என்னக்கா, உனக்கென்ன பைத்தியமா?" என்று கத்தியேவிட்டேன்.

அவள் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கை தன்னால போயிடுச்சுடி. இவ்வளவு கிட்ட வந்தா செத்துப்போயிடுமேன்னு..." வாய்விட்டு அழுதாள். அவளுக்கு இவ்வளவு குரல் இருக்கிறது என்பதையே நான் மறந்துபோயிருந்தேன்.

மற்ற இரண்டும் டாக்டரம்மாவிடம் மெல்லப் பழகி வீடு போய்ச் சேர்ந்தன. பொடியன் மட்டும் தாயோடு கூண்டில் இருக்கிறான். இன்றும் சாப்பாடு வைப்பது அக்காதான். அவள் காலடிச் சத்தம் கேட்டாலே ஓடி ஒளிந்துகொள்கிறான்.