கேக் வண்டிக்காரர்

கைப்பிடி அளவு கசடை அள்ளி, உள்ளங்கையில் உருட்டி உடைத்து, மூக்கருகே கொண்டுபோகிறார். கண்ணை மூடிக்கொள்கிறார். "இன்னும் நாலு நாள் காயணும். உள்ள அழுகல் நிக்குது." பத்தடி தள்ளிச் சோதனை அறை இருக்கிறது. அங்குள்ள கருவியும் கடைசியில் அதையேதான் சொல்லும்.

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் அவருக்கு மூக்கண்ணன் என்று பெயர். ஊர்ச் சாக்கடை முழுவதும் இங்கே வருகிறது. தண்ணீர் தெளிந்து ஆற்றுக்குப் போகிறது. அடியில் தங்கும் கறுப்புக் கசடைப் பிழிந்து பாளம் பாளமாகக் குவிக்கிறார்கள். அந்தப் பாளத்தை இங்கே 'கேக்' என்பார்கள். அதை வண்டியில் ஏற்றிப்போய் வயல்களில் உரமாக இறைப்பது இருபத்திரண்டு வருடமாக அவர் வேலை. புதிதாக யார் சேர்ந்தாலும் முதல் நாள், "கேக் சாப்பிடறீங்களா?" என்று கேட்டுவிட்டு அவர் மட்டும் சிரிப்பார்.

பேருந்தில் எப்போதும் கடைசி இருக்கைதான். முன்னால் காலியாக இருந்தாலும் வரமாட்டார். வீட்டுக்குப் பின்னால் உள்ள குழாயில் இரண்டு முறை சோப்புப் போட்டால்தான் கதவு திறக்கும். "இவரோட குடும்பம் நடத்தி என் மூக்கே மரத்துப்போச்சு. இவருக்கு மட்டும் எப்படித்தான் வேலை செய்யுதோ!" என்கிறார் மனைவி.

வண்டி ஓட்டும்போது அவர் கண் பாதையில் இருப்பதைவிடப் பக்கக் கண்ணாடியில்தான் அதிகம் இருக்கும். கசடு சீராக விழவேண்டும். ஓரிடத்தில் குவிந்துவிட்டால் இறங்கிப்போய் மண்வெட்டியால் இழுத்துவிடுவார். "பந்தியில பரிமாறுற மாதிரிங்க. ஒருத்தருக்கு அள்ளி, ஒருத்தருக்குக் கிள்ளிப் போடக்கூடாது."

உரம் இலவசம் என்பதால் அவருக்குத் தனி மரியாதை இருந்தது. "அடுத்த லோடு நமக்குத்தானே அண்ணே?" என்று விவசாயிகள் வழிமறிப்பார்கள். அவர்களின் பெயர்கள் அவருக்கு நினைவில் நிற்பதில்லை. சாய்ந்த கேட்டுக்காரர், ரெண்டு மோட்டார்க்காரர், நாய் துரத்துற வீட்டம்மா என்றுதான் சொல்வார். ஆனால் எந்த வயலுக்கு எந்த வருடம் எத்தனை லோடு என்று கேட்டால் நிற்காமல் ஒப்பிப்பார்.

அந்த நினைவாற்றலைத் தேடித்தான் போன மாதம் மண் பரிசோதனை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி அம்மா வந்தார். நனையாத துணிக்கும் எண்ணெய் ஊறாத காகிதத்துக்கும் பூசுகிற ரசாயனம், தொழிற்சாலைக் கழிவோடு சாக்கடையில் கலந்து, கசடில் தங்கி, வயலுக்குப் போயிருக்கிறது. முதலில் சாய்ந்த கேட்டுக்காரரின் மண்ணில் அகப்பட்டது. பிறகு அவர் வீட்டுப் பாலில்.

மூக்கண்ணன் நம்பவில்லை. "அங்க பன்னண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரே தடவை போட்டதும்மா. அதுக்கப்புறம் எத்தனை மழை பேஞ்சிருக்கு!"

"மழைக்கெல்லாம் அழியாதுங்க. வெயிலுக்கும் அழியாது. மண்ணுல கிடக்கும். புல்லுல ஏறும், மாட்டுக்குப் போகும், பால்ல வரும்."

"சரி, அதோட வாசனை எப்படி இருக்கும்?"

"வாசனையே கிடையாது."

நின்ற இடத்திலேயே குந்தி உட்கார்ந்துவிட்டார். இருபத்திரண்டு வருடம் நம்பிய மூக்கைப் புறங்கையால் ஒருமுறை துடைத்துக்கொண்டார். அடுத்த வாரம் அவர் ரத்தத்தையும் சோதித்தார்கள். அந்த ரசாயனம் மற்றவர்களுக்கு இருப்பதைப்போல முப்பது மடங்கு இருந்தது. அந்தத் தாளை அவர் இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வீட்டில் இன்னும் காட்டவில்லை.

நிலையத்தில் ஏழு வருடத்துக்கு முந்தைய பதிவேடுகள் எதுவும் இல்லை. எந்தெந்த வயல் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். ஆகவே ஒரு பெரிய வரைபடத்தை மேசையில் விரித்து, கையில் சிவப்புப் பென்சிலைக் கொடுத்தார்கள். அவர் கட்டம் போட்ட வயலில் மண்ணெடுப்பார்கள். விஷம் இருந்தால் அந்த வீட்டுப் பால் நிறுத்தப்படும். இரண்டு நாளில் எழுபத்தொன்பது கட்டங்கள் போட்டார். நாய் துரத்துற வீட்டம்மாவின் நிலத்துக்கு வந்தபோது மட்டும், "பாவம், நாய் என்னைத் துரத்தினது சரிதான்" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

எண்பதாவது நிலம் ஒன்று இருக்கிறது. அது எந்தத் தாளிலும் எப்போதும் ஏறியதில்லை. ஒன்பது வருடத்துக்கு முன் தங்கையின் கணவர் இறந்தபோது, இவர் விடுமுறை நாட்களில் யாருக்கும் சொல்லாமல் அவள் நிலத்துக்கு நல்ல கேக்காகப் பார்த்துப் பத்து லோடு போட்டார். புல் இடுப்புயரம் வளர்ந்தது. இன்று அவளுக்கு ஒன்பது மாடுகள். அந்தப் பாலில்தான் வீடு நடக்கிறது. அவளுடைய மகளும் கைக்குழந்தையோடு அங்கேதான் இருக்கிறாள்.

நேற்று மாலை தங்கை வந்திருந்தாளாம்.

"அண்ணே, நம்ம நிலத்துக்குப் பேப்பர் ஏதாவது இருக்கா?"

"இல்ல."

"உன்னைத் தவிர யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப விடு. பாலை நிறுத்திட்டா நான் எதை வெச்சுப் பொழைப்பேன்? நீயா சோறு போடுவ?"

"சாப்பிட்டுட்டுப் போ புள்ள" என்று மட்டும் சொன்னாராம். அவள் சாப்பிடாமலே போய்விட்டாள்.

இன்று காலை அதிகாரி அம்மா வரைபடத்தைச் சுருட்டத் தொடங்கினார். "எழுபத்தொன்பது. அவ்வளவுதானே அண்ணே?"

மூக்கண்ணன் வரைபடத்தின் ஓரத்தைக் கையால் அழுத்திப் பிடித்தார். "இருங்கம்மா." பென்சிலை எடுத்து, வாய்க்கால் வளைவுக்குக் கீழே ஒரு கட்டம் போட்டார்.

"இது யாரு நிலம்?"

"என் தங்கச்சி நிலம்."

அந்த அம்மா பக்கத்தில் எண்பது என்று எழுதினார். மூக்கண்ணன் பென்சிலைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கட்டத்தின் மூலையில் சின்னதாக ஒரு வட்டம் போட்டார்.

"இது என்ன?"

"கிணறு. ஒவ்வொரு தடவையும் லோடு இறக்கிட்டு வண்டியை அது பக்கத்துலதான் கழுவினேன்."

"குடிக்கிற கிணறா?"

அவர் நிமிரவில்லை. அந்தச் சின்ன வட்டத்துக்குள் வெள்ளை துளியும் தெரியாதபடி பென்சிலால் நிரப்பிக்கொண்டிருந்தார்.