மாதுளையின் ஆணிவேர்

ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் வீடு இரண்டாவது மாடி. மண்ணில் மரம் வைக்க ஏது இடம்? அதனால் தொட்டியிலேயே ஒரு மரம் வளர்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்தால் லேசில் விடாது. தரமணி அலுவலகத்துக்குப் பேருந்தில் போகும்போதும் வரும்போதும் போன்சாய் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். ஒரு வாரத்தில் எல்லாம் தெரிந்துவிட்ட மாதிரி பேச ஆரம்பித்தேன்.

அடையாறில் ஒரு நர்சரியில் முழங்கால் உயர மாதுளைக் கன்று ஒன்று கிடைத்தது. அடித்தண்டு லேசாக வளைந்து பார்க்க அழகாக இருந்தது. நர்சரிக்காரருக்குத்தான் மனம் வரவில்லை. "தரையில வச்சா நல்லா காய்க்கும் சார். அத்தப் போயி குட்டியாக்கப் போறியா?" என்றார்.

பங்குனி மாதத்து ஞாயிறு. பால்கனியில் செய்தித்தாள் விரித்து, கன்றைப் பையிலிருந்து எடுத்து, வாளித் தண்ணீரில் வேரை அலசினோம். என் மனைவி தண்டைப் பிடித்துக்கொண்டாள். நான் கத்தரிக்கோலோடு உட்கார்ந்தேன். நடுவில் ஆணிவேர் கட்டை விரல் பருமனில் இறங்கியிருந்தது. கொஞ்சம் குறைத்தால் போதும் என்றுதான் வீடியோவில் சொன்னார்கள். நான் பாதிக்கு மேல் வெட்டி, பக்க வேர்களையும் ஒரு கை பார்த்தேன். "போதும்பா" என்றாள் ஒரு முறை. "ஆட்டாம பிடி" என்று எரிந்து விழுந்தேன். அவள் ஆட்டாமல் பிடித்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை சமையலறைக்கு வந்து, பரிசோதனை அட்டையை என்னிடம் நீட்டினாள். இரண்டு கோடு. நாங்கள் இருவரும் துள்ளிக் குதிக்கவில்லை. அதற்கு முன் இரண்டு முறை குதித்திருந்தோம். முதல் கரு ஒன்பதாவது வாரத்தில் போனது, அடுத்தது நாலாவது மாதத்தில். நான் அடுப்பை அணைத்துவிட்டு அவள் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றேன். அவ்வளவுதான்.

அன்று மாலையே கே.கே. நகரிலிருந்து மாமியார் வந்துவிட்டார். பால்கனிப் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மாப்பிள்ளை, இனிமே இந்த வீட்ல செடி கொடி எதையும் வெட்டாதீங்க. சுவத்துல ஆணி அடிக்காதீங்க. வயித்துல பிள்ளை இருக்கிற வீடு. உங்க முடியக்கூட வெட்ட வேணாம்."

வழக்கமாக இதற்கெல்லாம் நான் சண்டைக்குப் போவேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை என்று எதிர்வீடு வரை கேட்கச் சொல்வேன். அன்று சரி என்று தலையாட்டினேன். மாமியார் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

வேரை வெட்டிய ஐந்தாம் நாள் மாதுளையின் இலைகள் பழுத்தன. பத்தாம் நாள் தொட்டியைச் சுற்றி ஒரே இலை. அவள் கண்ணில் படக் கூடாதென்று தொட்டியை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போய், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் வைத்தேன். "அங்கே நிழல் நல்லா இருக்கு" என்று அவளிடம் சொன்னேன். தினமும் காலையில் மேலே போய், தண்டில் ஒரு இடத்தை நகத்தால் சுரண்டிப் பார்ப்பேன். தோலுக்கு அடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். பச்சையைப் பார்த்துவிட்டுக் கீழே வந்து அவள் முகத்தைப் பார்ப்பேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நாட்களில் எனக்கு இரண்டும் ஒன்றாகிவிட்டது.

நர்சரிக்காரரிடம் கேட்கப் போனேன். கைப்பேசியில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "இன்னா சார், தண்டு பூரா கீறி வச்சுக்கினு கீற? உசுரு கீதான்னு பாக்கவே உசுர எடுத்துடுவ போல" என்றார்.

அவளுக்குப் பன்னிரண்டாவது வாரம் நடந்தபோது எங்கே சுரண்டினாலும் பழுப்புதான். அடி வரை காய்ந்துவிட்டது. தூக்கிப் போட எனக்குத் தைரியம் இல்லை. காய்ந்த குச்சிக்கு நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றினேன். செடி எப்படி இருக்கிறது என்று அவள் கேட்டபோது, "துளிர் விடுது" என்று கூசாமல் சொன்னேன்.

நாலாவது மாத ஸ்கேனுக்கு மயிலாப்பூர் போக வேண்டிய காலை. அவள் மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"செடி செத்துப்போச்சுல்ல?" என்றாள்.

நான் தண்ணீர் பாட்டிலைப் பையில் வைத்தேன்.

"நேத்து மாடிக்குப் போய்ப் பார்த்தேன்."

"உன்னை யார் படி ஏறச் சொன்னது?" என்று கத்தினேன். கத்தினால் மற்றதைப் பேச வேண்டியிருக்காது என்று ஒரு நினைப்பு.

அவள் அசரவில்லை. "சனிக்கிழமையே எனக்குத் தெரியும். நீ வேரை வெட்டுனதுக்கு முந்தின நாள். கோடு பார்த்துட்டேன். ரெண்டு தடவையும் உன்கிட்ட சொல்லி சந்தோஷப்பட்டதும் போயிடுச்சு. இந்தத் தடவை கொஞ்ச நாள் சொல்லாம இருந்தா தங்கும்னு நினைச்சேன். வெட்டாதேன்னு சொன்னா ஏன்னு கேப்பே. அதான் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். நான்தானே பிடிச்சுக்கிட்டிருந்தேன்."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் மாடியில் பயந்துகொண்டிருந்த அத்தனை காலையும் அவள் கீழே பயந்துகொண்டிருந்திருக்கிறாள். நடுவில் சில படிகள்தான். அதை நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"சம்பந்தமில்லைன்னு சொல்லு. எப்பவும் சத்தமா சொல்லுவியே" என்றாள்.

அவளுக்கு மட்டும் கேட்கும்படி, "சம்பந்தமில்லை" என்றேன்.

"இன்னொரு தடவை."

ஆட்டோவில் மயிலாப்பூர் லஸ் முனை வரை அவள் கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே வந்தேன். ஓட்டுநர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு, ஏதோ குடும்பச் சண்டை என்று நினைத்துக்கொண்டார் போல, ரேடியோவைக் கூட்டி வைத்தார். ஸ்கேன் அறையில் டாக்டர் வெகுநேரம் திரையைப் பார்த்தார். பிறகு எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். என் கை அவள் பிடியில் சிவந்திருந்தது.

கார்த்திகை மழையில் மகள் பிறந்தாள். அவளுக்கு இரண்டு மாதம் ஆனதும் இன்னொரு மாதுளைக் கன்று வாங்கி வந்தேன். இம்முறை ஆணிவேரைக் கொஞ்சமாகத்தான் வெட்டினேன். அது இப்போது பால்கனியில் துளிர்த்துக்கொண்டிருக்கிறது. காய்க்குமா என்று தெரியாது.

போன வாரம் மகளுக்குத் தடுப்பூசி போட்டதில் காய்ச்சல். அப்படித்தான் வரும், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். இருந்தாலும் நான் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன், என் மனைவியும் வைத்துப் பார்த்தாள். பிறகு இருவரும் ஒரே நேரத்தில், "பயமா இருக்கு" என்றோம்.