பல்செட்டின் மறுபாதி

பல்செட்டு ஓர் அசிங்கமான பொருள். அடுத்தவருடையது குமட்டும். நம்முடையது கிண்ணத்தில் கிடந்தபடி நம்மையே பார்த்து இளிக்கும். நிஜாம் காலத்தில் அதைக் கெட்டி ரப்பரில் வேகவைத்துச் செய்வார்கள். ஈறு நிறம் வர ரப்பரில் சிவப்புப் பொடி கலப்பார்கள்.

நான் சிகந்தராபாத் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். கத்திக்குப் பிடி போடும்போது அரக்கில் செங்கல்தூள் சேர்ப்போம். வெறும் அரக்கு இளகிவிடும், தூள் சேர்ந்தால் இறுகும். இந்த ஞானத்தோடு பல் கட்டுபவரிடம் போய், பொடியை இரண்டு பங்காகப் போடச் சொன்னேன்.

"ஜாஸ்தி நக்கோ சாப். கொஞ்சம் போதும்."

"எனக்குக் கெட்டியா இருக்கணும்யா."

"ஹவ், சரி, கெட்டியா இருக்கும். உங்க வாய், உங்க இஷ்டம்."

கெட்டியாகத்தான் இருந்தது. நகத்தால் கீறினால் கோடுகூட விழவில்லை. பட்டறையில் எல்லோருக்கும் கழற்றிக் காட்டினேன். ஒருவரும் தொடவில்லை.

திருமுல்கேரியில் ஒரு கல்யாணம். பந்தியில் முறுக்கைக் கடித்ததும் 'டக்' என்றது. நல்ல மொறுமொறுப்பு என்று சமையல்காரரைப் பாராட்டிவிட்டு முருங்கைக்காய்க்குப் போனேன். கை கழுவும் இடத்தில் பல்செட்டைக் கழற்றினால், கையில் பாதிதான் வந்தது. மீதி நாலு பல்லைக் காணோம்.

"ஐயோ, முழுங்கிட்டேன்!"

"கத்தாதீங்க, பொண்ணு வீட்டுக்காரங்க பாக்கறாங்க" என்றாள் மனைவி.

"கத்துறாரே அக்கா, அப்ப தொண்டையில இல்ல" என்றான் அவள் தம்பி.

"அப்போ வயித்துலடா! ஆஸ்பத்திரியில வயித்தைக் கிழிப்பாங்கடா!"

உள்ளே நாலு பல் என் குடலைக் கடிப்பது துல்லியமாகத் தெரிந்தது. இலையோடு போயிருந்தால் பிழைத்தேன். பந்தலுக்குப் பின்னால் ஓடினேன். அங்கே எச்சில் இலைகள் குவிந்து கிடந்தன. மோரும் ரசமும் கலந்து புளித்த வாடை, ஈ. ஊர்பேர் தெரியாதவர்கள் மென்று துப்பிய சக்கைகளை ஒவ்வொன்றாகப் பிதுக்கிப் பார்த்தேன். பட்டு வேட்டியோடு. பக்கத்தில் ஒரு பன்றியும் அதே வேலையில் இருந்தது. அது என்னைவிட நிதானமாகத் தேடியது.

ஒரு முருங்கைச் சக்கைக்குள் என் நாலு பல்லும் இருந்தன.

இரண்டு பாதியையும் சேர்த்துப் பார்த்தேன். உடைந்த இடத்தின் முகத்தைப் பார்த்தே இரும்பின் யோக்கியதையைச் சொல்கிற ஆள் நான். இது உடைந்த செங்கல் மாதிரி சொரசொரவென்று இருந்தது. தேய்த்தால் விரலில் சிவப்பு ஒட்டியது. பொடிக்கும் பொடிக்கும் நடுவே பிடித்துக்கொள்ள ரப்பரே இல்லை. அளவாகப் போட்ட பொடி, விரிசலை வழியில் மறித்துத் திருப்பிவிடும். அளவு மீறினால் அதற்கே பாதை போட்டுக் கொடுக்கும். பிடிக்குள் சும்மா உட்கார்ந்திருக்கிற அரக்கு முறுக்கைக் கடிப்பதில்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"கழுவி மாட்டிக்கோங்க மச்சான்" என்றான், மனைவியோடு என் பின்னாலேயே வந்துவிட்ட மைத்துனன்.

அவ்வளவுதான். பாயசத்திலிருந்து முறுக்குவரை தின்றது மொத்தமும் அந்தக் குவியலின் மேலேயே வெளியே வந்தது. மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அவன் மட்டும் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"பயப்படாதீங்க மச்சான். உள்ள வேற பல்லு எதுவும் இல்ல."