ரத்தம் கேட்டதும் விளம்பரமாம்

ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வீடு எடமலைப்பட்டி புதூரில். வேலையை விட்ட பிறகும் ஒரு நோட்டை மட்டும் விடவில்லை. ஓ நெகட்டிவ் ரத்தம் உள்ள அறுபத்துநான்கு பேர், தாங்களாகவே கொடுத்த நம்பர்கள் அதில் இருக்கின்றன. யாருக்காவது ரத்தம் தேவைப்பட்டால் எல்லோருக்கும் ஒரே எஸ்எம்எஸ் அனுப்புவேன். பாதிப் பேரிடம் பட்டன் போன்தான்.

அன்று காலை கைலாசபுரத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டார். மனைவிக்குப் பிரசவம், ஓ நெகட்டிவ் இரண்டு யூனிட் வேண்டும் என்றார். உடனே செய்தி அனுப்பினேன். எப்போதும் பத்து நிமிஷத்தில் இரண்டு பேராவது பேசிவிடுவார்கள். அன்று ஒரு மணி நேரமாகியும் யாரும் பேசவில்லை. மனுஷர்கள் இவ்வளவுதானா என்று கசந்து போயிற்று. அந்தக் கோபத்திலேயே, வழக்கமாக ரத்தம் கொடுக்கும் ஸ்ரீரங்கத்து வாத்தியாருக்குப் போன் போட்டேன்.

"என்ன சார், மெசேஜைப் பார்த்துட்டும் பேசாம இருக்கீங்க?"

"மெசேஜா? ஒண்ணும் வரலையே மேடம். வந்திருந்தா இந்நேரம் அங்க இருந்திருப்பேனே. இதோ கிளம்பிட்டேன்."

அடுத்தவருக்கும் வரவில்லை. அதற்கடுத்தவருக்கும் இல்லை. என் போனோ அனுப்பியாயிற்று என்று காட்டிக்கொண்டிருந்தது. வரிசையாகக் கூப்பிட்டேன். மத்தியானத்துக்குள் வாத்தியாரும் காந்தி மார்க்கெட்டில் வெங்காயம் விற்கும் ஒருவரும் ரத்தம் கொடுத்துவிட்டார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

மறுநாள் போன் கம்பெனியின் ஷோரூமுக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"விளம்பரம் அனுப்புற நம்பர்னு சிஸ்டம் பிளாக் பண்ணியிருக்கு மேடம்."

"நான் என்னம்மா வித்தேன்?"

"ஒரே மெசேஜ் நெறைய பேருக்குப் போனா அப்படித்தான் எடுத்துக்கும். வேற சிம் வாங்கிக்கங்க, ஈஸியா முடிஞ்சிடும்."

"மாட்டேன். இந்த நம்பர்தான் அவங்களுக்குத் தெரியும். நான் சட்டத்துக்கு விரோதமா எழுதியிருந்தா போலீஸ் கேக்கட்டும், கோர்ட்டு கேக்கட்டும். நீங்க யாரு நிறுத்த? கடுதாசியைப் பையிலேயே வச்சுக்கிட்டு, குடுத்தாச்சுன்னு சொல்ற தபால்காரரை யாராவது விடுவாங்களா?"

பாவம், அவள் செய்த காரியமில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் பக்கம் நகர்த்தினாள். அங்கேயே உட்கார்ந்து புகார் எழுதினேன்.

மோசடிக்காரர்களைத் தடுக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. எனக்கும் தினம் கடன் தருகிறேன் என்று ஏழெட்டுச் செய்திகள் வருகின்றன. அவை எந்தத் தடையும் இல்லாமல் வந்து சேர்ந்துவிடுகின்றன! என்னுடையதை மட்டும், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் விழுங்கினார்கள்.

நான்கு கடிதங்களுக்குப் பிறகு ஒரு வரி வந்தது: சேவை மீண்டும் தொடங்கப்பட்டது. வருத்தமும் இல்லை, காரணமும் இல்லை. அன்று சாயங்காலமே அறுபத்துநான்கு பேருக்கும் அனுப்பினேன், கிடைத்தவர்கள் பதில் போடுங்கள் என்று. அறுபத்தொரு பேர் போட்டார்கள். மீதி மூன்று பேரிடம் போனில் பேசினேன்.

எந்த விதிப்படி நிறுத்தினீர்கள் என்று கேட்டு ஐந்தாவது கடிதத்தையும் அனுப்பியிருக்கிறேன். பதில் வரும்வரை எழுதுவேன்.