வாகரையைத் தொட்ட சிவப்பு வட்டம்

காலையில் வாழைச்சேனை இன்டர்நெற் கஃபேயில் நிலநடுக்க வரைபடத்தைத் திறந்தேன். நடுக்கடலில் பெரிய சிவப்பு வட்டம். அதன் விளிம்பு நம் கரையைத் தொட்டது.

பின்னால் நின்ற, கடலோர வாகரை ஊர் அக்கா ஒருவர் பார்த்துவிட்டார். சுனாமியில் வீட்டை இழந்தவர்.

"தம்பி, தண்ணி எங்கட ஊருக்கு வந்திற்றா?"

வாகரையைப் பெரிதாக்கினேன். கரை விரிந்தது, கடல் விரிந்தது, வட்டம் மட்டும் வளரவில்லை. திரையை விட்டே போய்விட்டது. அது தண்ணீரின் எல்லை அல்ல, அதிர்வின் பலத்தைக் காட்டும் அடையாளம். கீழே பொடி எழுத்தில், 'சுனாமி அபாயம் இல்லை'.

அப்பாடா!

"இதை முதல்லயே கிட்டக் காட்டியிருக்கலாமே தம்பி! நான் அதுக்குள்ள வீட்டுக்குப் போன்ல கோல் எடுத்து எல்லாரையும் மேட்டுக்கு ஓடச் சொல்லிற்றன்."

இப்போது அங்கே யாரும் போன் எடுக்கவில்லை. வாகரை நண்பர்களே, மேட்டில் ஒரு குடும்பம் கடலையே பார்த்துக்கொண்டு நின்றால், தயவுசெய்து இறக்கிவிடுங்கள்.