ஏழாவது பலகையின் பின்புறம்

அமெரிக்காவில், காப்பெல் என்ற ஊரில் எங்கள் எதிர்வீட்டில் இருந்த அமெரிக்க மூதாட்டி, வீட்டைக் காலி செய்துவிட்டு முதியோர் குடியிருப்பில் ஓர் அறைக்குப் போகத் தயாரானபோது, ஒரு ஷூ பெட்டியை என்னிடம் கொடுத்தார். உள்ளே ஏழு மரப்பலகைகள். ஒவ்வொன்றும் உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது. முகப்பில் அச்சிட்ட படத்தை ஒட்டி வார்னிஷ் பூசியிருந்தது. அமெரிக்காவின் முதல் ஏழு ஜனாதிபதிகள். அவருடைய மறைந்த கணவர் பழம்பொருள் சந்தைகளில் ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்தவை. ஏழாவது கிடைக்க மட்டும் பதினோரு ஆண்டுகள் ஆனதாம்.

புது அறையின் சுவரில் ஆணி அடிக்க அனுமதியில்லை. உள்ளூர் வரலாற்றுச் சங்கம் ஒன்று தன் கண்ணாடி அலமாரியில் அவற்றை வைக்க ஒப்புக்கொண்டிருந்தது. சனிக்கிழமை ஆள் வரும்வரை, சாமான் கட்டும் களேபரத்தில் ஒன்று தொலைந்துவிடாமல் நான் வைத்திருக்க வேண்டும். அவர் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: ஏழும் பிரியக் கூடாது.

வெள்ளிக்கிழமை மாலை பலகைகளை மேஜையில் வரிசையாக வைத்தேன். முதலாமவரைத் தவிர யாரையும் முகத்தை வைத்து எனக்கு அடையாளம் தெரியவில்லை. பெயர்கள் பின்புறத்துச் சீட்டுகளில்தான் இருந்தன. அவையும் ஓரம் உரிந்திருந்தன. ஆகவே அழியாத மை மார்க்கரை எடுத்து, ஒவ்வொன்றின் பின்னாலும் வரிசை எண்ணையும் மூதாட்டியின் குடும்பப் பெயரையும் எழுதினேன். ஆறாவதை முடித்தபோது மார்க்கர் தீர்ந்துவிட்டது. அப்போதுதான் மனைவி வந்தாள்.

“என்னங்க இது? ஆன்ட்டியோட கலெக்‌ஷன்ல போய் எவர்சில்வர் குண்டான் அடியில பேர் வெட்டுற மாதிரி எழுதி வச்சிருக்கீங்க!”

“மாறிடக் கூடாதுல்ல.”

“மாறிப்போறதுக்கு இவங்க என்ன கல்யாண வீட்டுக்கா போறாங்க?”

சோபாவிலிருந்து மகள் தலையைத் தூக்கி, “அப்பா, சீரியஸ்லி?” என்றாள்.

மகளின் நகப்பூச்சு நீக்கியைப் பஞ்சில் நனைத்து முதல் பலகையில் துடைத்துப் பார்த்தேன். மை போகவில்லை, மரத்தில் இன்னும் அகலமாகப் படர்ந்தது. அத்துடன் நிறுத்தினேன்.

மறுநாள் காலை சங்கத்துக்காரர் வருவதற்கு முன்பே எதிர்வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். பிறகு வந்த சங்கத்துக்காரர் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு பலகைகளை ஒவ்வொன்றாகத் திருப்பினார். பின்புறமும் பொருளின் ஒரு பகுதிதான் என்று தணிந்த குரலில் விளக்கினார். எழுதிய ஆறும் அவர்களுக்கு வேண்டாம். ஏழாவதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம், அது அபூர்வமானதும்கூட.

மூதாட்டி அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஏழாவதைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் பார்த்தார்.

“ஏழும் சேர்ந்துதான்” என்று சங்கத்துக்காரரிடம் சொன்னார். அவர் கையுறையைக் கழற்றிவிட்டு விடைபெற்றார்.

நான் மறுபடியும் மன்னிப்புக் கேட்டேன். மூதாட்டி, எங்கள் வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கலாமா என்று கேட்டார். அடிக்கலாம் என்றேன்.

“அப்படியானால் இதிலும் எழுதிவிடு. இல்லையென்றால் இதை மட்டும் கேட்டு இன்னொருவர் வருவார்.”

கடைக்குப் போய் அதே நிற மார்க்கர் வாங்கி வந்தேன். அவர் முன்னாலேயே, அவருடைய சமையலறை மேடையில் வைத்து, எண்ணையும் பெயரையும் எழுதினேன். அவர் பலகையை வாங்கி மை உலரும்வரை பிடித்திருந்துவிட்டு, பெட்டியில் ஆறாவதற்குப் பின்னால் வைத்தார்.

இப்போது ஏழும் எங்கள் மாடிப்படிச் சுவரில் இருக்கின்றன. ஏழாவதில் உள்ள எழுத்து மட்டும் மற்றவற்றைவிடச் சற்றுக் கறுப்பு. சுவரிலிருந்து எடுத்தால்தான் தெரியும்.